கார்டு சாரின் வெள்ளை ஜாடி

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூட.

சீடர் பெயர் சவரிமுத்து. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. எல்லோருக்கும் அவர் கார்டு சார்தான்.

குரு பெயர் கோமளவல்லி. சக்கரத்தில் மண்ணை வைத்தால் அது அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு பேரும் இருந்தது ஒரு பழைய அரிசி மில்லில். மில் ஓடாமல் நின்றுபோன பிறகு, மண் வேலை செய்கிற நாலைந்து பேர் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரே கூரை, ஆளுக்கொரு மூலை. நெல் காயப்போட்ட களத்தில் பானைகளைக் காயப்போட்டார்கள். பின்பக்கம் செங்கல்லில் ஒரு சூளை. ஒன்றே ஒன்றுதான். எல்லோருக்கும் பொது.

சூளைக்குப் பின்னால் ரயில் பாதை. வண்டிச் சத்தம் கேட்டதும் கார்டு சார் மண் கையோடு எழுந்து நிற்பார். கடைசிப் பெட்டி தாண்டும்போது அதிலிருக்கும் கார்டுக்குக் கை அசைப்பார். பிறகுதான் உட்காருவார். அதற்குள் சக்கரத்தில் இருக்கிற பானை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"வண்டி பத்திரமாப் போயிடுச்சு. பானைதான் தடம் புரண்டுடுச்சு" என்பாள் பவுசியா.

பவுசியா பக்கத்து மூலைக்காரி. முப்பது வயதுக்காரி. பச்சைப் பூச்சு பூசிய ஜாடிகள் செய்வாள். சிரிக்காமல் அவளால் ஒரு பேச்சை முடிக்க முடியாது.

எதிர் மூலையில் நல்லசிவம். யானையும் குதிரையும் செய்கிறவர். காலையில் வந்ததும் தன் முதுகு வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் மண்ணைத் தொடுவார்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சூளை நிறைந்தால்தான் எரிப்பார்கள். யாரும் தன் பாண்டத்தைத் தானே சூளைக்குள் வைக்கக் கூடாது. அடுத்தவர்தான் வைக்க வேண்டும். ஒருவர் வைத்ததை மற்றவர் நகர்த்தவும் கூடாது.

"இது என்ன சட்டம்?" என்று கார்டு சார் வந்த புதிதில் கேட்டார்.

"வெச்சுப் பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா மண் பிசையப் போய்விட்டார்.

கார்டு சார் அங்கே பொழுது போக்க வரவில்லை. அவருக்கு ஒரு பொருத்தனை இருந்தது.

அவர் மனைவி ரெஜினா ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லாத ஒரு நாளில், கார்டு சார் ஊர் மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டார்.

"தாயே, இவளை எழுந்து நடக்க வை. உன் திருவிழாவுக்குப் பீடத்துல பூ வைக்க ஒரு வெள்ளை ஜாடி கொண்டு வர்றேன். கடையில வாங்க மாட்டேன். என் கையாலயே செஞ்சு கொண்டு வர்றேன். வேற ஒருத்தர் கைபடாத ஜாடி."

ரெஜினா எழுந்தார். எழுந்து உட்கார்ந்த மறுநாளே, "காப்பியில இவ்வளவு சர்க்கரையா போடுவாங்க?" என்று சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டு கார்டு சார் அடுப்படியில் நின்று அழுதார். தேவன் கொடுத்த சண்டை அல்லவா அது!

அதற்குப் பிறகுதான் அரிசி மில் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு ஜாடி செய்யக் கத்துக் குடுங்க டீச்சரம்மா. ஒண்ணு போதும்."

"ஒண்ணு செய்யணும்னா நூறு செய்யணுமே கார்டய்யா."

"செய்றேன்."

முதலில் எல்லாம் சட்டியாகவே வந்தது. ஜாடி என்றுதான் தொடங்குவார். மண் மேலே ஏற மறுத்து அகலமாக உட்கார்ந்துகொள்ளும்.

"சார் வண்டி மதுரைக்குத்தான் கிளம்புது. மணப்பாறையிலேயே நின்னுடுது" என்பார் நல்லசிவம்.

"சிக்னல் விழலை" என்பார் கார்டு சார்.

ஆனால் விடவில்லை. மழையில் வந்தார், வெயிலில் வந்தார். ரெஜினாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் மண் மேலே ஏறியது. தோள் வந்தது, கழுத்து வந்தது, வாய் வந்தது. கார்டு சார் மூச்சு விடாமல் சக்கரத்தை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு எக்ஸ்பிரஸ் போயிற்று. அவர் எழுந்து நின்றார். ஆனால் ஒரு கையை ஜாடியிலிருந்து எடுக்கவில்லை.

காய்ந்த பிறகு வெள்ளைப் பூச்சு பூசினார். சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்கிற பூச்சு அது. மண்ணை அவரே மிதித்தார், பூச்சை அவரே அரைத்தார். சூளையில் வைப்பது மட்டும் வழக்கப்படி நல்லசிவம் முறை. 'அது செய்கிற கை இல்லை தாயே, தூக்கி வைக்கிற கைதான். அதைக் கணக்கில் சேர்த்துக்காதே' என்று மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார்.

சூளை எரிந்து, ஆறி, வாசல் திறந்தார்கள். நல்லசிவம் உள்ளே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வெள்ளை ஜாடி வெளியே வந்தது.

ஒரு பக்கம் பால்போல் வெள்ளை. மறு பக்கம் இளஞ்சிவப்பு.

"அய்யோ, எவ்வளவு அழகு!" என்று பவுசியா கத்தினாள். "குழந்தை கன்னம் மாதிரி இருக்கு சார்!"

கார்டு சார் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். போகவில்லை.

"இதுல யாரு சிவப்பு பூசினது?"

"யாரும் பூசலை கார்டய்யா" என்றார் டீச்சரம்மா. "பச்சைப் பூச்சுல ஒரு மருந்து இருக்கு. சூட்டுல அது மூச்சு விடும். பக்கத்துல இந்த வெள்ளை இருந்தா, அந்த மூச்சுப் பட்டு வெள்ளை சிவக்கும்."

"தொடாமலேவா?"

"தொடாமலே."

கார்டு சார் பவுசியாவைப் பார்த்தார். பவுசியா கையில் ஒரு பச்சை ஜாடி இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அங்கதான் சார் சரியா ஒரு இடம் இருந்துச்சு" என்றார் நல்லசிவம். "முதுகு வலியோட குனிஞ்சேன். எனக்குப் பச்சை ஞாபகமே வரலை."

"உங்க மேல தப்பு இல்லை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மற்றவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜாடியைத் தேநீர் போடுகிற மேடையில் வைத்துவிட்டு, களத்து ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சரம்மா போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப அழகா இருக்கு, கார்டய்யா."

"அழகா இருக்கு. எனக்கும் தெரியுது. ஆனா அது என்னுது மட்டும் இல்லையே. வேற கைபடாததுன்னு சொல்லி வெச்சிருக்கேனே."

டீச்சரம்மா கையில் காய்ந்திருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். என் ஜாடி என்னோடதாவே வரணும். பக்கத்துல இருக்கிற யாரோட மூச்சும் படக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கே."

"என்ன வழி?"

"அடுத்த சூளை உங்களோடது. முழுசும். அதுல உங்க ஜாடி மட்டும்."

கார்டு சார் நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தார். டீச்சரம்மா முகத்தில் கேலி இல்லை.

மற்றவர்களிடம் சொன்னபோது நல்லசிவம், "சாருக்கு இல்லாததா? என் குதிரைங்க எங்க ஓடிடப் போகுது, காத்திருக்கும்" என்றார்.

பவுசியா, "தாராளமா" என்றாள்.

அவள் சிரிப்பு அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அவளிடம் ஒரே ஒரு ஜாடி கேட்டிருந்தார்கள். முதல் தடவையாக வந்த அழைப்பு. கழுத்து நீண்ட ஜாடி செய்துகொண்டிருந்தாள். கழுத்து நீளம் என்பதால் காயும்போதே வெடித்துவிடும். வெடித்து வெடித்து, கடைசியாக ஒன்று வெடிக்காமல் காய்ந்து நின்றது. கைக்குழந்தையைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சூளையில் அது ஏற வேண்டியது.

"மழைக்கு முன்னாடி இன்னொரு சூளை எரிச்சுடலாம், பவுசியா" என்றார் டீச்சரம்மா.

"அதான் சொன்னேனே, தாராளமான்னு!"

கார்டு சார் புது ஜாடி செய்தார். முதல் ஜாடியைவிட நன்றாகவே வந்தது. இந்தத் தடவை வழக்கத்தையும் டீச்சரம்மா தளர்த்திவிட்டார்.

"உங்க சூளை. நீங்களே வையுங்க."

கார்டு சார் உள்ளே போய் நட்ட நடுவில் ஜாடியை வைத்தார். பெரிய சூளை, சின்ன ஜாடி. வண்டி போய்விட்ட பிளாட்பாரத்தில் ஒற்றை ஆள் நிற்பதுபோல் அது நின்றது.

வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசினார். சவுக்கு விறகை அடுப்பு வாயில் அவரே தள்ளினார். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாதவர்கள். சூளை எரிகிற நாளில் முறை போட்டு விறகு தள்ளுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், ஒருவர் வேர்த்தால் ஒருவர் விசிறுவார்கள். அன்றைக்கு வேலை இல்லாமல் கையைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு கட்டை மட்டும் நான் தள்ளட்டுமா?" என்றார் நல்லசிவம்.

"வேண்டாம்."

"கொடியாவது காட்டட்டுமா?" என்றாள் பவுசியா.

"கொடி வேணும்னா காட்டு."

அவள் பச்சைத் துப்பட்டாவை ஆட்டினாள். கார்டு சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் ரெஜினா சாப்பாட்டுக் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மெதுவாக நடந்து வந்து நிலவரத்தைப் பார்த்தார்.

"என்னங்க இது? இத்தனை பேரை உக்கார வெச்சிட்டு நீங்க மட்டும் வேர்த்துக் கொட்டறீங்க?"

"பொருத்தனை, ரெஜி."

"நான் பிழைச்சதுக்குப் பொருத்தனையா, நீங்க போய்ச் சேர்றதுக்குப் பொருத்தனையா?"

மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். கார்டு சார் ஒரு வாய்ச் சோறு வாங்கிக்கொண்டு மறுபடி அடுப்பு வாய்க்குப் போனார்.

சாயங்காலம் ஆயிற்று. தீ உள்ளே நுழைந்த வேகத்தில் புகைபோக்கி வழியாக வெளியே பாய்ந்தது. ஒரு ஆள் உயரத்துக்குத் தீ நாக்கு வானத்தைப் பார்த்து நின்றது.

"பாத்தீங்களா டீச்சரம்மா, என்ன வேகம்!" என்றார் கார்டு சார் பெருமையாக.

டீச்சரம்மா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல வேகம்தான். வண்டி எங்கயும் நிக்காமப் போகுது" என்றார்.

வழக்கமாக எரிக்கிற விறகு தீர்ந்தது. அடுத்த சூளைக்கு வைத்திருந்ததிலும் கொஞ்சம் எடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. கார்டு சார் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லசிவம்தான் கையைப் பிடித்துத் தூக்கினார், தன் முதுகை மறந்து.

ஆறியதும் வாசலைத் திறந்தார்கள். கார்டு சாரே உள்ளே போய் எடுத்து வந்தார்.

ஜாடி வெள்ளையாகத்தான் இருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் பளபளப்பும் இல்லை. பூச்சு உருகவே இல்லை. தொட்டால் சுண்ணாம்புச் சுவர்போல் சொரசொரத்தது. விரலில் வெள்ளையாக ஒட்டியது.

யாரும் சிரிக்கவில்லை.

"இவ்வளவு விறகு எரிச்சேனே" என்றார் கார்டு சார்.

டீச்சரம்மா ஜாடியை வாங்கி, காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோல் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாவம், இதுக்குக் குளிரடிச்சிருக்கு."

"சூளைக்குள்ளயா?"

"பக்கத்துல பாண்டம் இருந்தாத்தான் தீ கொஞ்சம் நின்னு போகும் கார்டய்யா. அதது வாங்கின சூட்டை அடுத்ததுக்குக் குடுக்கும். இங்க யாரும் இல்லை. தீ நேராப் போயிடுச்சு."

கார்டு சார் தலையைக் குனிந்துகொண்டார். திருவிழா டிசம்பரில். வானம் அதற்குள் மூடத் தொடங்கியிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் தைக்கு அப்புறம்தான் சூளை பக்கம் போக முடியும். இன்னொரு ஜாடி செய்து காய வைக்க நேரம் இல்லை.

"அவ்வளவுதானா டீச்சரம்மா?"

"உடையலையே. மறுபடி ஏத்தினா உருகும்."

"எனக்காக இன்னொரு சூளையா? வேண்டாம்."

"உங்களுக்காக இல்லை. எல்லாருக்கும்தான். கடைசிச் சூளை. இடுக்கு விடாம அடுக்கணும்."

அடுத்த வாரம் ஒரு காலையில் எல்லோரும் சேர்ந்து அடுக்கினார்கள். தட்டுமேல் தட்டு. கீழே யானை, குதிரை. நடுவில் குவளைகள், தட்டுகள். மேலே ஜாடிகள்.

நல்லசிவத்தின் யானையை வைக்கிற வேலை கார்டு சாருக்கு. அதற்குத் துதிக்கை நீட்டம். எந்தப் பக்கம் திருப்பினாலும் எதன்மேலாவது இடித்தது. கார்டு சார் மண்டியிட்டு, அதைத் திருப்பி, பின்னால் தள்ளி, கொஞ்சம் சாய்த்து, துதிக்கைக்கு ஒரு சந்து கண்டுபிடித்தார். வேர்த்துவிட்டது. 'என்னுதா இருந்தா இவ்வளவு பாத்திருப்பேனா?' என்று அவருக்கே ஒரு யோசனை வந்தது. வெளியே நின்ற டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை ஜாடியை வைத்தவள் பவுசியா. மேல் தட்டில், சுவரோரமாக வைத்தாள். வைத்துவிட்டு வெளியே வந்து கார்டு சாரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கவலையே படாதீங்க சார். பச்சைக்கெல்லாம் எட்டாத இடம். பக்கத்துல ஒரு ஜாடி இடம் சும்மா விட்டிருக்கேன். இந்தத் தடவை மாதாவுக்கு நல்ல வெள்ளையாப் போகும். நானும் துஆ கேட்டிருக்கேன்."

"நல்லா இரும்மா" என்றார் கார்டு சார்.

சூளை நிறைந்துவிட்டது. கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. பவுசியாவின் கழுத்து நீண்ட ஜாடி. பச்சைப் பூச்சு பூசி, தனியாக ஒரு கூடையில் இருந்தது. கழுத்து ஒடிந்துவிடும் என்று கடைசிக்கு வைத்திருந்தார்கள்.

டீச்சரம்மா அதை இரண்டு கையாலும் எடுத்தார். சுற்றிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான். நீங்க வையுங்க கார்டய்யா."

கார்டு சார் அதை வாங்கிக்கொண்டு உள்ளே குனிந்தார்.

இரண்டே இடம்தான் காலியாக இருந்தது.

ஒன்று, கீழே அடுப்பு வாய் ஓரம். விறகு தள்ளும்போதெல்லாம் சாம்பல் பறந்து விழுகிற இடம். அங்கே வைத்த பச்சை கறுத்துப் புண்ணாகிவிடும் என்பது அவருக்கும் இப்போது தெரியும்.

இன்னொன்று, மேலே. அவருடைய வெள்ளை ஜாடிக்குப் பக்கத்தில். பவுசியா சும்மா விட்ட இடம்.

வைத்ததை நகர்த்தக் கூடாது.

உள்ளே இருட்டாக இருந்தது. கையில் ஜாடி. அதன் கழுத்து அவர் தோளில் சாய்ந்திருந்தது. வெடித்து வெடித்து அவள் மறுபடி மறுபடி செய்ததை அவர் பக்கத்து மூலையிலிருந்து பார்த்தவர். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது அவள் எப்படிச் சிரித்தாள் என்றும் பார்த்தவர்.

பின்னால் ஒரு வண்டி தடதடவென்று போயிற்று. நீளமான கூட்ஸ் வண்டி. கடைசிப் பெட்டி தாண்டியது. கார்டு சார் திரும்பவில்லை.

"சார், வண்டி போகுது!" என்று வெளியிலிருந்து நல்லசிவம் கத்தினார்.

"போகட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க சார் வெச்சீங்க?" என்று பவுசியா கேட்டாள். "அடுப்பு வாய் ஓரம்தானே? பரவாயில்லை. கொஞ்சம் கறுத்தாக்கூட அதுவும் ஒரு அழகுன்னு சென்னைக்காரங்ககிட்ட சொல்லிக்கறேன்."

"நல்ல இடத்துலதான் வெச்சிருக்கேன். பேசாம செங்கல்லை எடு."

வாசலை அடைத்தார்கள். தீ வைக்கிறதுக்கு முன்னால் நல்லசிவம் ஒரு கட்டி கற்பூரம் கொளுத்தினார். பவுசியா கையேந்தி முகத்தில் தடவிக்கொண்டாள். கார்டு சார் சிலுவை போட்டுக்கொண்டார். டீச்சரம்மா சூளைச் சுவரில் ஒரு தடவை கை வைத்து எடுத்தார். அவ்வளவுதான் அவர் கும்பிடுகிற விதம்.

அன்று நாள் முழுக்கக் கலகலப்பு. முறை போட்டு விறகு தள்ளினார்கள். ரெஜினா தேநீர் போட்டார். சர்க்கரை எங்கே என்று தேடினார்.

"அந்தச் செவப்பு ஜாடியில இருக்கு ரெஜினாம்மா" என்றாள் பவுசியா. தேநீர் மேடையில் விட்டுப்போன முதல் ஜாடி இப்போது சர்க்கரை ஜாடி ஆகியிருந்தது.

ரெஜினா அதைத் தூக்கிப் பார்த்தார். "ஏங்க, இவ்வளவு லட்சணமா இருக்கு. இதையா வேண்டாம்னீங்க? ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் வெக்கப்படற நான்."

"நீ எப்ப வெக்கப்பட்ட?"

"கல்யாணத்தன்னிக்கு. நீங்கதான் ஏதோ வண்டி போகுதுன்னு வேற பக்கம் திரும்பிட்டீங்க."

நல்லசிவம் சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டார். கார்டு சாரும் சிரித்தார். ஆனால் நடுநடுவே சூளையைப் பார்த்தார். புகைபோக்கியில் தீ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாதி விறகிலேயே சூளை வெந்துவிட்டது. மறுநாள் மழை வந்தது. தகரக் கூரைக்குக் கீழே சூளை மெல்ல ஆறியது.

வாசல் திறந்த அன்று பவுசியாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். அடுப்பு வாய் ஓரத்தில் தேடினாள். அங்கே வெறும் சாம்பல்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

மேல் தட்டில், கழுத்து நீண்ட ஜாடி நின்றது. மழைக்குப் பிந்திய நெல் வயல் மாதிரி பச்சை. எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பக்கத்தில் வெள்ளை ஜாடி. கண்ணாடிபோல் மின்னியது. பச்சையைப் பார்த்த பக்கம் மட்டும், விடியற்கால வானம்போல் சிவந்திருந்தது.

பவுசியா வாய் திறந்து நின்றாள். சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க? பொருத்தனையாச்சே! நான் அதுக்குத்தானே இடம் விட்டேன்!"

"கீழே வெச்சிருந்தா உன் பச்சை போயிருக்கும்மா."

"போனாப் போகுது! நான் வேற செய்வேன்."

"எத்தனை வெடிச்சதுன்னு நான் பாத்தேன். சும்மா இரு. போய்ச் சென்னைக்குப் பெட்டி கட்டு."

அவர் வெள்ளை ஜாடியை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். டீச்சரம்மா தன் மூலையில் மண் பிசைந்துகொண்டிருந்தார். கார்டு சார் எதிரில் உட்கார்ந்து ஜாடியை நடுவில் வைத்தார்.

"டீச்சரம்மா."

"சொல்லுங்க கார்டய்யா."

"நான் வருத்தப்படலை. வெச்சதுக்கு ஒரு நிமிஷம்கூட வருத்தப்படலை. ஆனா வேற யார் கையும் படாத ஜாடின்னு வாய் விட்டுச் சொல்லியிருக்கேன். இதைக் கொண்டுபோய்ப் பீடத்துல வெச்சா, இந்தச் சிவப்பு யார் கைவேலைன்னு மாதா கேப்பாங்களே. நான் என்ன சொல்றது?"

டீச்சரம்மா கையிலிருந்த மண்ணை வழித்துப் போட்டார். துணியில் கையைத் துடைத்தார். ஜாடியை மெல்லத் திருப்பி, சிவந்த பக்கம் அவரைப் பார்க்கும்படி வைத்தார்.

"பச்சை ஜாடியை இதுக்குப் பக்கத்துல தூக்கி வெச்சது யார் கை?"